விலங்கியல் பட்டதாரியின் பார்வையில் ஒரு மெடிக்கல் கோடிங் பயிற்சி மையம்

விலங்கியலில் பட்டம் பெற்று எட்டு மாதங்கள் வேலையின்றி இருந்த பிறகு, சென்னையில் உள்ள ஒரு மெடிக்கல் கோடிங் பயிற்சி மையத்தில் சேர்ந்தேன். அமெரிக்க மருத்துவமனைகளின் நோயாளிக் குறிப்புகளைப் படித்து, நோய்க்கு ஐசிடி-10-சிஎம் குறியீட்டையும் சிகிச்சைக்குச் சிபிடி குறியீட்டையும் தேர்ந்தெடுக்கும் இந்த வேலையில், கல்லூரியில் கற்ற உடற்கூறியல் நேரடியாகக் கைகொடுப்பது எனக்குப் பெரும் ஆறுதலாக இருந்தது.

கற்பித்தலில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஒரே எலும்பு முறிவுக்கு, முதற்கட்டச் சிகிச்சையின்போது ஒன்றும் ஆறிவரும் காலத்தில் வேறொன்றுமாகக் குறியீட்டின் ஏழாம் இடத்து எழுத்து மாறுவதை, மாதிரிக் குறிப்புகளைக் கையில் கொடுத்து, எங்களுக்குப் புரியும்வரை ஆசிரியை பொறுமையாக விளக்கினார். அவருக்கு நான் என்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஆனால் சேர்க்கையின்போது சொன்னவை முழுமையானவை அல்ல. நான்கு மணி நேரத்தில் 100 வினாக்களுக்கு விடையளித்து 70 விழுக்காடு பெற வேண்டிய, மெடிக்கல் கோடிங் பணிக்கான ‘சிபிசி’ சான்றிதழ்த் தேர்வுக்குத் தனிக் கட்டணம் உண்டு என்பதையும், முன் அனுபவம் இல்லாதவர் தேர்ச்சி பெற்றாலும் முதலில் ‘சிபிசி-ஏ’ என்ற பயிற்சி நிலைத் தகுதியே கிடைக்கும் என்பதையும் வகுப்புகள் பாதி முடிந்த பிறகே அறிந்தோம். கடன் வாங்கிச் சேர்ந்த தோழி ஒருத்தி அன்று கலங்கி நின்றது இன்னும் மனத்தை வருத்துகிறது. ‘உறுதியான வேலை’ என்று அவர்கள் சொன்னதும் நேர்முகத் தேர்வுகளுக்கு அனுப்பிவைப்பதை மட்டுமே குறித்தது. மூன்றாவது நேர்முகத்தில்தான் எனக்கு வேலை கிடைத்தது. சேர விரும்புவோர் மொத்தச் செலவையும் எழுத்தில் கேட்டுப் பெற்ற பிறகே பணம் கட்டுங்கள்.