வயரை வெட்டுவதா, கப்ளர் மாட்டுவதா?

பெங்களூரு ஜே.சி. ரோட்டில் காரை ஓரம்கட்ட இடம் கிடைத்துவிட்டாலே பாதி வேலை முடிந்த மாதிரிதான். மீதிப் பாதியில் எனக்கும் கடைப் பையனுக்கும் தகராறு வந்தது. புது ஸ்டீரியோவைக் கையில் வைத்துக்கொண்டு, "இந்த வண்டிக்குக் கப்ளர் இருக்கா தம்பி?" என்று கேட்டேன். வயர்களின் முனையில் இருக்கும், ஒன்றோடொன்று செருகி மாட்டும் பிளாஸ்டிக் இணைப்புதான் கப்ளர். "எதுக்கு சார் கப்ளரு? கட் பண்ணி ஜாயிண்ட் அடிச்சா பத்து நிமிஷம். நானூறு ரூபா உங்களுக்கு மிச்சம்" என்றான். அன்றைய ஒரு நாளை மட்டும் பார்த்தால் அவன் கணக்கில் தப்பில்லை. ஆனால் அப்படி நானூறு ரூபாய் மிச்சம் பிடித்த ஒருவரின் பழைய காரைத்தான் அதற்கு முன்பு நான் வாங்கி ஓட்டியிருந்தேன்.

காரில் பழைய செட்டை எடுத்துவிட்டுப் புதியதை வைக்க மூன்று வழிகள் இருக்கின்றன. காரின் வயர்களை வெட்டி, புது செட்டின் வயர்களோடு முறுக்கி, கறுப்பு டேப் சுற்றுவது ஒன்று. வெட்டினாலும் ஈயம் வைத்துப் பற்றவைத்து, மேலே ஹீட் ஷ்ரிங்க் ட்யூப் (சூடு காட்டினால் சுருங்கி இறுகும் உறை) போடுவது இரண்டாவது. வெட்டவே வெட்டாமல், காரின் ஒரிஜினல் கப்ளரில் பொருந்தும் இன்னொரு கப்ளரை வாங்கி மாட்டுவது மூன்றாவது. நான் மூன்றாவது கட்சி. ஏன் அந்தக் கட்சிக்கு வந்தேன் என்பதற்கு முதல் வழியில் பட்ட அவதியைச் சொல்ல வேண்டும்.

செகண்ட் ஹேண்டில் வாங்கிய வேகன் ஆர் அது. செட்டு நன்றாகத்தான் பாடிக்கொண்டிருந்தது. ஒரு பொங்கலுக்குக் காரை வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு ரயிலில் ஜோலார்பேட்டை போய், நான்கு நாள் கழித்துத் திரும்பினால் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. பேட்டரி வயதாகிவிட்டது என்று மாற்றினேன். அடுத்த முறை ஊருக்குப் போய் வந்தபோதும் அதே கதை. பிறகுதான் எஸ்.பி. ரோட்டில் ஒரு மல்டிமீட்டர் வாங்கி, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, ஆம்பியர் பார்க்கும் நிலையில் மீட்டரை நடுவே சேர்த்துப் பார்த்தேன். சாவி கையில் இருக்கிறது, கதவெல்லாம் பூட்டியிருக்கிறது, மீட்டர் 0.3 ஆம்பியர் காட்டுகிறது. நிறுத்தி வைத்த கார் ஒன்றுக்கு 0.02, 0.03 என்று இருந்தால் கவலைப்பட வேண்டியதில்லை. 0.3 என்பது நான்கு நாளில் கிட்டத்தட்ட 29 ஆம்பியர் மணி. என் காரில் இருந்ததோ 35 ஆம்பியர் மணி பேட்டரி. இப்படி மீட்டரைச் சேர்த்திருக்கும்போது மறந்துபோய் ஸ்டார்ட் செய்தால் மீட்டரின் ஃப்யூஸ் போய்விடும். எனக்கு ஒன்று போனது.

செட்டை வெளியே இழுத்தேன். மஞ்சள் வயரும் சிவப்பு வயரும் ஒன்றாக முறுக்கப்பட்டு, பேட்டரியிலிருந்து நேராக வரும் லைனில் சேர்க்கப்பட்டிருந்தன. வெளியில் வாங்கும் செட்டுகள் பெரும்பாலும் ஒரே நிற வழக்கத்தைப் பின்பற்றுகின்றன. மஞ்சள், சாவி இல்லாமலும் எப்போதும் வரும் 12 வோல்ட். சிவப்பு, சாவியைத் திருப்பினால் வரும் 12 வோல்ட். கறுப்பு எர்த். செட்டுக்கு வேண்டிய கரண்ட் மஞ்சளில் வரும், கடிகாரமும் சேமித்த ஸ்டேஷன்களும் அழியாமல் இருப்பதும் அதனால்தான். "எழுந்திரு, தூங்கு" என்று சொல்வது மட்டும்தான் சிவப்பின் வேலை. இரண்டையும் சேர்த்துவிட்டால் சாவி இல்லாமலும் பாட்டு கேட்கலாம் என்பது ஒரு வசதி. பல பேர் அதைக் கேட்டே செய்துகொள்கிறார்கள். ஆனால் செட்டு ஒருநாளும் தூங்காது. இரண்டும் இடம் மாறிவிட்டால் வேறு கூத்து. சாவியை எடுக்கும்போதெல்லாம் கடிகாரம் பன்னிரண்டுக்குப் போய்விடும்.

டேப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டாஷ்போர்டுக்குள் வெயில் ஏறி இறங்க, கோந்து உருகிப் பிசுபிசுத்து, டேப் தானாகவே நழுவிக் கிடந்தது. ஒரு ஸ்பீக்கரின் மைனஸ் வயர் பாடியின் தகரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. இன்றைய செட்டுகளில் ஸ்பீக்கர் மைனஸ் என்பது எர்த் அல்ல. பிளஸ், மைனஸ் இரண்டிலும் ஆம்ப்ளிஃபயர் ஓட்டம் உண்டு. அதைப் பாடியில் தொடவிட்டால் செட்டு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துபோகும், இல்லையென்றால் உள்ளே இருக்கும் ஐசி போகும். என் நல்ல காலம், அணைந்து அணைந்து எரிந்ததோடு சரி.

இனி எந்த வயர் எது என்று கண்டுபிடிக்க வேண்டும். செட்டின் பக்கம் நிறம் பார்த்தால் போதும் என்றேன். காரின் பக்கம் அந்த நிறங்களை நம்பக்கூடாது, ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு வழக்கம். மீட்டரை வோல்ட் நிலையில் வைத்து, கறுப்பு முனையைப் பாடியில் நல்ல தகரத்தில் வைத்துக்கொண்டேன். சாவி இல்லாமல் 12 வோல்ட் காட்டுவது நிரந்தர லைன். சாவியை முதல் நிலைக்குத் திருப்பினால் புதிதாகக் காட்டுவது சிவப்புக்கு உரியது. பார்க்கிங் விளக்கைப் போட்டதும் உயிர் வருவது செட்டின் வெளிச்சத்துக்கான லைன். இதைச் சிவப்போடு சேர்த்துவிட்டால் விளக்கு போட்டால்தான் பாட்டு வரும். சிரிக்க வேண்டாம், உல்சூரில் ஒரு நண்பர் இரண்டு வருடம் பகலில் விளக்கோடு ஓட்டினார்.

ஸ்பீக்கர் வயர்களுக்கு ஓம் நிலை. சரியான ஜோடியைத் தொட்டால் 4 ஓம் ஸ்பீக்கர் 3 சொச்சம் காட்டும். எந்தக் கதவு என்று தெரிய, ஒரு பென்சில் செல்லின் 1.5 வோல்ட்டை ஜோடியில் ஒரு நொடி தொட்டால் அந்த ஸ்பீக்கர் 'டப்' என்னும். ஸ்பீக்கரின் கோன் முன்னால் தள்ளினால் செல்லின் பிளஸ் பட்ட வயர்தான் பிளஸ். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் பிளஸ் மைனஸ் மாறினால் பாட்டு வரும், அடித்தொண்டை, அதாவது பேஸ், வராது. பலர் இதைச் செட்டின் குறை என்று நினைத்துக்கொள்கிறார்கள். மஞ்சள் உறை போட்ட வயர்கள் கண்ணில் பட்டால் மட்டும் மீட்டரைக் கொண்டுபோகாதீர்கள், அது ஏர்பேக்குடையது.

இத்தனையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தின்றது. கடைசியில் எல்லாவற்றையும் வெட்டிச் சுத்தம் செய்து ஈயம் வைத்தேன். அதாவது இரண்டாவது வழி. அதன் மேல் எனக்குக் குறையே இல்லை. காரை விற்கும்வரை ஒரு ஜாயிண்ட்கூட விடவில்லை. ஒன்று மட்டும்: ஈயம் முடிகிற இடத்தில் வயர் விறைத்துப்போகும், வண்டியின் அதிர்வில் அங்கேதான் ஒடியும். ஜாயிண்டை ஆடாமல் கட்டிவைத்தால் போதும். ஆனால் ஸ்டியரிங்குக்கும் கியருக்கும் நடுவே தலையைக் கவிழ்த்து, சூடான சால்டரிங் அயர்னை சீட்டில் படாமல் பிடித்துக்கொண்டு பற்றவைப்பது என் வயதுக்கு ஆகாத யோகாசனம்.

அடுத்து வாங்கிய ஸ்விஃப்டில் கம்பெனி செட்டு, கம்பெனி வயர், யாரும் கை வைக்காதது. அந்தக் காரோடு போனபோதுதான் முதலில் சொன்ன பேச்சு நடந்தது. கப்ளர்தான் வேண்டும் என்று நின்று வாங்கினேன். டாஷ்போர்டு வடிவத்துக்கு ஏற்ற ஃப்ரேமும் தனியாக வாங்க வேண்டியிருந்தது. கப்ளரின் ஒரு முனை காரின் கப்ளரில் கச்சிதமாக உட்காரும். மறுமுனையில் வெறும் வயர்கள் இருக்கும், அல்லது பல கம்பெனி செட்டுகளுக்கும் பொதுவான ஐஎஸ்ஓ கப்ளர் இருக்கும். இரண்டு எட்டுமுனைக் கட்டைகள் கொண்டது இந்த ஐஎஸ்ஓ. ஒன்று பவருக்கு, மற்றது நான்கு ஸ்பீக்கருக்கு. வெறும் வயர் என்றால் நிறத்துக்கு நிறம் சேர்க்க வேண்டும். அதை வீட்டு மேசையில் விளக்கு வெளிச்சத்தில் நிதானமாகச் செய்யலாம். நான் அங்கேயே ஈயம் வைத்து, ட்யூப் போட்டு முடித்துவிட்டேன். பற்றவைப்பு கப்ளருக்குப் போட்டி இல்லை, கப்ளரின் வாலில் செய்தால் அதுவே சரியான இடம். காரில் செய்த வேலை அரை மணி நேரம், அதிலும் பாதி ஃப்ரேமோடு மல்லுக்கட்டியது.

கப்ளருக்கும் குறை உண்டு. மலிவான கப்ளரின் நிறத்தை அப்படியே நம்பக்கூடாது. மாட்டிய பிறகு, செட்டைச் சேர்க்கும் முன், மஞ்சளும் சிவப்பும் சாவிக்கு ஏற்றபடி நடந்துகொள்கின்றனவா என்று மீட்டரில் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். ஐஎஸ்ஓ முறைப்படி நிரந்தர 12 வோல்ட் பவர் கட்டையின் நான்காம் முனையில், சாவி லைன் ஏழில், எர்த் எட்டில். சில ஃபோக்ஸ்வாகன் கார்களில் நான்கும் ஏழும் இடம் மாறியிருக்கும். அதற்காகவே பல கப்ளர்களில் அந்த இரண்டு வயருக்கும் நடுவில் கழற்றி மாற்றி மாட்டும்படி இணைப்பு வைத்திருக்கிறார்கள்.

அடுத்தது நீல வயர். கூரையில் குட்டி ஆன்டெனா இருக்கும் கார்களில் அதற்குள் சிக்னலைப் பெருக்கும் ஒரு பூஸ்டர் உண்டு, அதற்கு இந்த வயர் வழியாகத்தான் 12 வோல்ட் போக வேண்டும். என் கப்ளரில் அது எதோடும் சேரவில்லை. ஊருக்குள் எஃப்எம் ரெயின்போ 101.3 தெளிவாகக் கேட்டதால் எனக்குத் தெரியவே இல்லை. ஓசூர் போகும்போது அத்திப்பள்ளி தாண்டியதும் இரைச்சல்தான். இடமும் ஒரு தொல்லை. செட்டுக்குப் பின்னால் இரண்டு கப்ளர், ஒரு கத்தை வயர். இரண்டு முறை உள்ளே தள்ளியும் செட்டு உட்காராமல், வயரை ஏசி குழாய்க்குக் கீழே இறக்கிவிட்ட பிறகுதான் போயிற்று.

இத்தனை குறை இருந்தும் நான் கப்ளர் பக்கம் நிற்பதற்கு விற்பனைதான் காரணம். வேகன் ஆரை விற்றபோது செட்டைக் கழற்றிக்கொள்ள நினைத்தேன், முடியவில்லை. ஒரிஜினல் செட்டை முந்தைய ஓனர் எங்கோ தொலைத்திருந்தார், காரின் கப்ளரும் வெட்டுப்பட்டுப் போயிருந்தது. கழற்றினால் டாஷ்போர்டில் ஒரு ஓட்டை, அதற்குள் பத்துப் பன்னிரண்டு வயர் தொங்கும். வாங்க வந்தவர் உள்ளே டார்ச் அடித்து, "வயரிங் கட் ஆயிருக்கே சார், வேற எங்கெல்லாம் கை வச்சிருக்காங்களோ" என்று ஆரம்பித்தார். அவர் கேட்டது நியாயம். ஸ்டீரியோவுக்கு வெட்டியவர் ஹாரனுக்கும் விளக்குக்கும் வெட்டியிருக்கமாட்டார் என்று யார் உறுதி சொல்வது? என் செட்டையும் காரோடு கொடுத்தேன், விலையிலும் இறங்கினேன். செட்டுக்காக ஒரு ரூபாயும் ஏறவில்லை.

ஸ்விஃப்டில் நிலைமையே வேறு. கம்பெனி செட்டு செய்தித்தாளில் சுற்றிப் பரணில் இருக்கிறது, அதன் ஸ்குரூக்கள் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில். விற்கும் நாளில் கப்ளரைக் கழற்றினால் கார் வாங்கியபடியே நிற்கும். புது செட்டு என்னோடு அடுத்த காருக்கு வரும், அதற்குக் கார் பக்கத்துக் கப்ளர் ஒன்றை மட்டும் மாற்றினால் போதும். வாரண்டியில் இருக்கும் வண்டிக்கு இது இன்னும் முக்கியம். எந்த எலக்ட்ரிகல் கோளாறு வந்தாலும் சர்வீஸில் முதலில் விரல் நீள்வது வெட்டிய வயரை நோக்கித்தான்.

பழைய கார், கப்ளரே வெட்டுப்பட்டுப் போனது என்றால் பற்றவைப்புதான் வழி. அப்போதும் கார் வயர்களை நேராகச் செட்டோடு சேர்க்காமல், நடுவில் ஒரு ஐஎஸ்ஓ கட்டையை வைத்துவிடுங்கள். வேகன் ஆரில் அதை நான் செய்யாமல் விட்டேன், ஐம்பது அறுபது ரூபாய் சமாச்சாரம்.

நான் கை வைத்ததெல்லாம் இந்த இரண்டு மாருதிகளில்தான். அவற்றில், ஸ்டியரிங்கிலிருந்தே செட்டை இயக்கும் பட்டன்களின் தொல்லை எனக்கு வரவில்லை. புதிய கார்கள் பலவற்றில் அந்தப் பட்டன்கள் கேன் பஸ் என்ற டேட்டா லைன் வழியாகப் பேசுகின்றன. சிலவற்றில் சாவி லைன் என்று தனி வயரே செட்டுக்கு வருவதில்லை. அங்கே வெறும் கப்ளர் போதாது, அந்த மொழியைப் புரிந்துகொள்ளும் ஒரு சின்னப் பெட்டியும் வேண்டும். மச்சான் போன மாதம் எடுத்த கார் அந்த ரகம். "நீங்களே மாட்டிக் கொடுத்துடுங்க மாமா" என்கிறார். எனக்குத் துணிச்சல் இல்லை. கடைக்கே கூட்டிப்போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். வேலை முடிகிறவரை கட்டிங் பிளேயர் என் கையில்தான் இருக்கும்.