வயிற்றிலா, பையிலா? பீகார் மதுவிலக்கின் இரண்டு தராசுகள்

பீகாரில் 2016 ஏப்ரல் முதல் மதுவிலக்கு. இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் குடித்துவிட்டு வருகிறார். மற்றவரின் துணிப்பையில், செய்தித்தாளில் சுற்றிய கால் பாட்டில் இருக்கிறது.

முதலாமவர் கருவியில் ஊதுகிறார், மாட்டிக்கொள்கிறார். 2022 திருத்தத்துக்குப் பிறகு, முதல் தடவை என்றால் நிர்வாக நடுவர் (மாஜிஸ்திரேட்) முன் 2,000 முதல் 5,000 ரூபாய் வரை கட்டிவிட்டு வீடு போகலாம். கட்டாவிட்டால் ஒரு மாதச் சிறை. ஆனால் அபராதத்தோடு விட்டுவிடுங்கள் என்று உரிமையாகக் கேட்க முடியாது, நடுவர் மறுக்கலாம்.

இரண்டாமவர் ஒரு சொட்டும் குடிக்கவில்லை. அவர்மீது மதுவிலக்குச் சட்டத்தின் 30-வது பிரிவு பாய்கிறது. காய்ச்சுவது, கடத்துவது, விற்பது, வைத்திருப்பது எல்லாம் அங்கே ஒரே கூடை. குறைந்தது ஐந்தாண்டுச் சிறை, ஒரு லட்சம் அபராதம். முன்ஜாமீனுக்கும் சட்டம் கதவடைத்திருக்கிறது.

போதைப்பொருள் சட்டமாவது அளவு பார்க்கிறது: ஒரு கிலோவுக்குக் குறைந்த கஞ்சா ‘சிறிய அளவு’, அதிகபட்சம் ஓராண்டு. கால் பாட்டிலுக்கு அந்தச் சலுகை இல்லை!

குடிப்பவருக்குத் தண்டனையைத் தளர்த்தியதற்குக் காரணம் கருணை மட்டுமல்ல, நெரிசல். பாட்னா உயர் நீதிமன்றத்தில் ஜாமீன் மனுக்கள் குவிவதை 2021 டிசம்பரில் அப்போதைய உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ரமணா வெளிப்படையாகவே குறைகூறினார். எனக்கு அபராதத்தோடு விடும் வழியே சரியாகப் படுகிறது. அதைக் கால் பாட்டிலுக்கும் நீட்டியிருக்கலாம். இப்போதைய நிலையில், பிடிபடும் முன் குடித்து முடித்தவர்தான் கெட்டிக்காரர்.