இன்ஃப்ளூயன்ஸா பாலிமரேஸ் முப்பரிமாண மாதிரி: வாங்கலாமா?

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் தமிழ்வழிப் பள்ளிகளில் படித்து வந்த பட்டப்படிப்பு மாணவர்களுக்கு நுண்ணுயிரியல் சொல்லித்தரும் நான், பாலக்காட்டில் ஒரு முப்பரிமாண அச்சுக் கடையில் 2,400 ரூபாய்க்கு இந்த மாதிரியைச் செய்து வாங்கினேன். புரதக் கட்டமைப்புகளின் பொதுத் தரவுத்தளமான புரோட்டீன் டேட்டா பேங்கில் 4டபிள்யூஎஸ்பி என்ற எண்ணில் உள்ள, 2014-இல் வெளியான வௌவால் இன்ஃப்ளூயன்ஸா ஏ பாலிமரேஸின் (வைரஸின் ஆர்.என்.ஏ.வைப் படியெடுக்கும் நொதியின்) கட்டமைப்பை அப்படியே அச்சிட்டிருக்கிறார்கள்.

பிபி1, பிபி2, பிஏ ஆகிய மூன்று துணை அலகுகளும் மூன்று நிறங்களில், சிறு காந்தங்களால் கச்சிதமாகப் பொருந்துகின்றன. வைரஸ் ஆர்.என்.ஏ.வின் 5' முனை கொக்கியாக வளைந்து, பிஏ-வும் பிபி1-உம் சேருமிடத்துக் குழியில் அமர்வதை மஞ்சள் இழையாகக் காட்டியிருப்பது மிக அருமை. அந்த முனை வந்து அமர்ந்தால்தான் பாலிமரேஸ் முழுமையாகச் செயல்படும் என்பதை, இழையைக் கழற்றியும் மாட்டியும் காட்டி எளிதாக விளக்க முடிந்தது. அச்சின் தாங்குத் துணுக்குகள் மட்டும் பிஏ-வின் எண்டோநியூக்ளியேஸ் (ஆர்.என்.ஏ.வை வெட்டும் பகுதி) பிளவில் அடைத்துக் கிடந்தன. 2018-இல் ஜப்பானில் அனுமதி பெற்ற பலாக்ஸாவிர் என்ற இன்ஃப்ளூயன்ஸா மருந்து சென்று ஒட்டும் இடமே அதுதான் என்பதால், ஊசியால் நோண்டிச் சுத்தம் செய்த பிறகே வகுப்புக்கு எடுத்துச் சென்றேன்.

பெரிய குறை வேறொன்று. தன் மெசஞ்சர் ஆர்.என்.ஏ.வுக்கு வேண்டிய தொப்பியை (அதன் 5' முனையை மூடும் வேதிக்குழுவை) இந்த வைரஸ் தானே செய்வதில்லை. பிபி2 நம் செல்லின் மெசஞ்சர் ஆர்.என்.ஏ.வைத் தொப்பியோடு பற்றிக்கொள்ள, பிஏ அதைத் தொப்பியிலிருந்து 10 முதல் 13 நியூக்ளியோடைடு தள்ளி வெட்ட, பிறகு தொப்பியைப் பற்றிய பகுதி ஏறத்தாழ 70 பாகை சுழன்று, வெட்டுண்ட முனையை, புதிய ஆர்.என்.ஏ. கோக்கப்படும் இடமான பிபி1-இன் வினைமையத்துக்குள் செலுத்துகிறது. 2014-இலேயே வெளிவந்த இன்ஃப்ளூயன்ஸா பி கட்டமைப்பில் இந்தப் பகுதி வேறு திசையில் திரும்பி நிற்பதைப் பார்க்கலாம். பாலிமரேஸ் எப்படி இயங்குகிறது என்பதன் உயிர்நாடியே இந்தச் சுழற்சிதான். மாதிரியிலோ அந்தப் பகுதி பிபி2-உடன் ஒரே துண்டாக இறுகி நிற்கிறது. வெறும் வடிவத்தை அறிந்தால் போதும் என்பவருக்கு இது குறையாகத் தெரியாது, ஆனால் கற்பிப்பவருக்குப் பெருங்குறை.

கடைச் சேட்டனிடம் இதைச் சொன்னபோது பொறுமையாகக் கேட்டு, அடுத்த அச்சில் அந்தப் பகுதியை மட்டும் ஒரு முளையில் சுழலும்படி செய்து தருவதாக ஒப்புக்கொண்டார். வாங்க நினைப்பவர்கள், தொப்பியைப் பற்றும் அந்தப் பகுதியை, அதாவது பிபி2-வில் ஏறத்தாழ 320 முதல் 480 வரையான அமினோ அமிலங்களைத் தனித் துண்டாக அச்சிடுமாறு ஆர்டர் கொடுக்கும்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.