மேகசினை நிரப்பியே வைக்கலாமா, காலியாக வைப்பதா? ஸ்பிரிங்கின் ஆயுள் எதில் குறைகிறது

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் லைசென்ஸ் துப்பாக்கி பெரும்பாலும் இரண்டு இடங்களில் இருக்கும். ஒன்று, வங்கி வாசலிலும் நகைக்கடன் கடையிலும் காவலுக்கு நிற்கும் முன்னாள் ராணுவத்தினர் கையில். மற்றொன்று, பெரிய வீடுகளின் இரும்புப் பெட்டிக்குள். முதலாவது தினமும் நிரப்பிக் காலி செய்யப்படுவது. இரண்டாவது, குடும்பம் சென்னையில் இருக்க, படைப்புக்கோ கல்யாணத்துக்கோ வீடு திறக்கும்வரை கை படாமல் கிடப்பது. இரு தரப்பும் கேட்கும் கேள்வி மட்டும் ஒன்றே: மேகசினுக்குள், அதாவது தோட்டாக்களை அடுக்கி ஸ்பிரிங்கால் மேலே தள்ளும் பெட்டிக்குள், தோட்டாவைப் போட்டே வைத்தால் ஸ்பிரிங் தளர்ந்துவிடாதா?

நல்ல கம்பியில், சரியான அளவில் செய்த ஸ்பிரிங் அமுங்கியே கிடப்பதால் கெடாது. அமுங்கி விரிந்து, அமுங்கி விரிந்து வேலை செய்வதால்தான் தேயும். கட்டுக்கம்பியை வளைத்து அப்படியே வைத்தால் வருஷக்கணக்கில் இருக்கும். முன்னும் பின்னும் நாலு தடவை வளைத்தால் ஒடிந்துவிடும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

மேகசின் ஸ்பிரிங் பெரும்பாலும் உயர் கார்பன் பியானோ கம்பியில் சுற்றப்படுகிறது. சிலவற்றில் 17-7 வகைத் துருப்பிடிக்காத எஃகு, குரோம் சிலிக்கான் கம்பி. எஃகுக்கு ஒரு மீள் எல்லை உண்டு. அதற்குள் அமுக்கினால், விட்டதும் பழைய நீளத்துக்கே வரும். அதைத் தாண்டினால் கம்பிக்குள் நிரந்தரமாக இடம் பெயர்ந்து, ஸ்பிரிங் குட்டையாகிவிடும். புது ஸ்பிரிங் முதல் சில நாட்களில் கொஞ்சம் குட்டையாவது இயல்பு. இதற்காகவே நல்ல தயாரிப்பாளர்கள் தொழிற்சாலையிலேயே ஸ்பிரிங்கைச் சில தடவை முழுதாக அமுக்கி எடுத்து அனுப்புகிறார்கள். அதன்பிறகு அது நிலைத்துவிடும். வாங்கிய மாதம் அளந்துவிட்டுப் 'போச்சே' என்று பயப்படுகிறவர்கள் இந்தத் தொடக்கக் குறைவைத்தான் பார்க்கிறார்கள்.

வெயிலும் காரணமில்லை. பியானோ கம்பி ஏறக்குறைய 120 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். காரைக்குடிச் சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொட்டாலும், மூடிய காருக்குள் 70 டிகிரி ஆனாலும் ஸ்பிரிங்குக்கு அது பொருட்டில்லை. தோட்டாவுக்கு அந்தச் சூடு ஆகாது. அது வேறு கதை.

விதிவிலக்கு ஒன்று உண்டு, அது பெரியது. மேகசினுக்குள் அளவுக்கு மீறித் தோட்டாவை அடைக்கிற வடிவமைப்புகள். ஏழு தோட்டாவுக்காகச் செய்த .45 கோல்ட் 1911 மேகசினின் அதே உடலுக்குள் எட்டாவதைத் திணிக்க, ஸ்பிரிங்கில் சுற்றைக் குறைக்கிறார்கள் அல்லது ஸ்பிரிங்குக்கு மேலே நின்று தோட்டாவைத் தாங்கும் தள்ளுதட்டைச் சிறிதாக்குகிறார்கள். ஸ்பிரிங் மீள் எல்லையின் விளிம்பிலேயே குடியிருக்கும். வியட்நாம் போரில் எம்-16 துப்பாக்கியின் 20 தோட்டா மேகசினில் அமெரிக்கச் சிப்பாய்கள் 18 மட்டுமே போட்டது பலரும் அறிந்த பழக்கம். ஸ்பிரிங் தயாரிக்கும் வுல்ஃப் நிறுவனமும் இதையேதான் சொல்கிறது: பழைய ஏழு தோட்டா வகை வருஷக்கணக்கில் நிரம்பியிருக்கலாம், நெருக்கி அடைக்கும் பெரிய மேகசின்களில் ஒன்றிரண்டு குறைத்துப் போடுங்கள்.

நான்கு பழக்கங்கள், நேருக்கு நேர்

முழுதாக நிரப்பி அப்படியே வைப்பது. ஒற்றை வரிசை மேகசினில், உதாரணமாக நம் ஆயுதத் தொழிற்சாலையின் .32 அசனி பிஸ்டலில், ஸ்பிரிங்குக்கு இதனால் கெடுதல் இல்லை. இரட்டை வரிசை பெரிய மேகசினில் கடைசித் தோட்டாவைக் கட்டை விரல் வலிக்க அமுக்க வேண்டியிருந்தால் அது ஒரு எச்சரிக்கை. நிரம்பிய பின் மேல் தோட்டாவை விரலால் அழுத்துங்கள். இரண்டு மூன்று மில்லிமீட்டராவது இறங்க வேண்டும். இம்மி அசையாவிட்டால் ஸ்பிரிங் சுற்றோடு சுற்று முட்டி நிற்கிறது என்று அர்த்தம். அந்த நிலையில் மேகசினைத் துப்பாக்கிக்குள் பூட்டுவதே கஷ்டம். முதல் தோட்டாவும் சுலபமாகக் கழலாது.

ஒன்று குறைத்து வைப்பது. என் ஓட்டு இதற்கே. ஒரு தோட்டாவை இழக்கிறோம். பதிலுக்கு ஸ்பிரிங் விளிம்பிலிருந்து விலகி மூச்சு விடுகிறது, மேகசின் பூட்டும்போதும் இடமிருக்கிறது. நெருக்கமான மேகசினில் இதன் பலன் பெரிது. ஏழு, எட்டுத் தோட்டா ஒற்றை வரிசையில் கட்டாயமில்லை.

இரண்டு மேகசினை மாற்றி மாற்றி வைப்பது. 'ஸ்பிரிங்குக்கு ஓய்வு' என்று பலர் செய்கிறார்கள். எஃகுக்கு ஓய்வு தேவையில்லை. விட்டுவைத்தால் இழந்த பலம் திரும்பி வராது. ஆனாலும் இந்தப் பழக்கம் வீணில்லை. மாதம் ஒருமுறை மாற்றும் சாக்கில் தோட்டாவை வெளிச்சத்தில் பார்க்கிறோம், தூசி துடைக்கிறோம், துரு தெரிகிறது. பலன் அந்தப் பார்வையில் இருக்கிறது.

தினமும் நிரப்பித் தினமும் காலி செய்வது. ஸ்பிரிங்கை அதிகம் வேலை வாங்குவது இதுதான். நாளுக்கு ஒரு சுற்று என்றால் வருஷத்துக்கு 365. நல்ல ஸ்பிரிங் ஆயிரக்கணக்கில் தாங்கும் என்பதால் உடனே ஆபத்தில்லை. அடி விழுவது தோட்டாவுக்கு. குழலறைக்குள், அதாவது சுடுவதற்குத் தோட்டா போய் உட்காரும் இடத்துக்குள் ஏற்றி, வெளியே எடுத்து, அதே தோட்டாவை மறுநாள் மறுபடி முதலில் போட்டால், ஒவ்வொரு தடவையும் அதன் முனைக் குண்டு குழலறைக்கு ஏறும் சரிவில் மோதி, பித்தளைக் குப்பிக்குள் சிறிது சிறிதாக இறங்கும். உள்ளே இடம் குறையக் குறைய, சுடும்போது அழுத்தம் ஏறும். அந்தத் தோட்டாவைப் புதியதன் அருகே மேசையில் நிறுத்திப் பாருங்கள். உயரம் கண்ணுக்குத் தெரியும்படி குறைந்திருந்தால் தனியே எடுத்து வையுங்கள், சுட வேண்டாம்.

.32 காரர்களுக்கு இன்னொன்று. இந்தத் தோட்டாவுக்கு அரை விளிம்பு உண்டு, அதாவது அடியின் ஓரம் உடலைவிடச் சற்றே வெளியே நீட்டியிருக்கும். மேலே இருக்கும் தோட்டாவின் விளிம்பு, கீழே இருப்பதன் விளிம்புக்கு முன்னால் உட்கார வேண்டும். பின்னால் போய்விட்டால் இரண்டும் கொக்கி போட்டுக்கொள்ளும். தோட்டா மேலே வந்தும் முன்னே நகராது. ஸ்பிரிங் போய்விட்டது என்று கடைக்கு எடுத்து வரப்படும் மேகசின்களில் இந்தக் கோளாறையும் தேட வேண்டும்.

குழல் மேகசின் வேறு ஜாதி

வங்கிக் காவலில் உள்ள 12 போர் பம்ப் ஆக்ஷன் துப்பாக்கியில் (முன்பிடியை முன்னும் பின்னும் இழுத்துத் தோட்டா ஏற்றும் வகை) தோட்டாக்கள் குழலுக்குக் கீழே நீளவாக்கில், ஒன்றின் பின் ஒன்றாக நிற்கும். இங்கே கவலை ஸ்பிரிங்கைப் பற்றியதல்ல. பிளாஸ்டிக் உடல் கொண்ட தோட்டாவை ஸ்பிரிங் மாதக்கணக்கில் நெருக்கினால், சூட்டில் அதன் மடித்த வாய் உள்வாங்கி, உடல் லேசாக வீங்கும். அப்புறம் அறைக்குள் போக முரண்டு பிடிக்கும். தோட்டாவைத் தட்டையான மேசையில் உருட்டுங்கள், தள்ளாடினால் ஒதுக்குங்கள். மாதம் ஒருமுறை வரிசையை மாற்றிப் போடுவது இங்கே உண்மையிலேயே பயன் தரும்.

ரிவால்வரில் இந்தக் கேள்வியே எழாது. நிரப்பினாலும் காலியானாலும் ஸ்பிரிங் ஒரே நிலையில்தான். சுத்தியல் வெளியே தெரியாத இரட்டைக் குழல் துப்பாக்கியில், திறந்து மூடினாலே உள் சுத்தியல்கள் ஏறி நின்றுவிடும். போலித் தோட்டா போட்டு விசையைத் தட்டி இறக்கி வைப்பது பழைய வி வடிவ ஸ்பிரிங்குக்கு நல்லது.

ஸ்பிரிங்குக்கு முன்னால் கெடுபவை

மேகசினின் வாய் மடிப்புகளே முதல் சந்தேகம். தோட்டாவைப் பிடித்து நிறுத்தும் இந்த இரண்டு ஓரங்கள் அரை மில்லிமீட்டர் விரிந்தாலே தோட்டா துள்ளும், மூக்கு குத்தும். நிரம்பிய மேகசின் தரையில் விழுந்தால் எடை முழுக்க அங்கேதான் இறங்கும். பிளாஸ்டிக் மேகசினில் ஸ்பிரிங்கின் தள்ளலால் ஓரம் மெல்ல மெல்ல விரிவதும் உண்டு. மேகசின் தயாரிக்கும் மேக்புல் நிறுவனம் மேகசினுக்கு ஒரு மூடி தருவது தூசிக்காக மட்டுமில்லை. மேல் தோட்டாவை அமுக்கிப் பிடித்து ஓரத்தின் பாரத்தைக் குறைக்கவும்தான். எஃகு ஸ்பிரிங் தளராத இடத்தில் பிளாஸ்டிக் தளரும்.

அடுத்தது துரு. ஐப்பசி, கார்த்திகை மழையில் பூட்டிய வீட்டுக்குள் ஈரம் தேங்கும். அரிமானத்தை நாடு முழுக்க அளந்து வரைபடம் போட்ட சிக்ரி ஆய்வகம் 1948-இலிருந்து இருப்பது இதே காரைக்குடியில். ஈரக் காற்று இரும்பை என்ன செய்யும் என்று இந்த ஊருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கம்பியில் புள்ளித் துரு விழுந்தால் அந்தக் குழியிலிருந்தே வெடிப்பு தொடங்கும். ஸ்பிரிங் உண்மையில் ஒடிவது பெரும்பாலும் இப்படித்தான்.

பித்தளைக் குப்பியைத் தோல் பையிலோ தோல் பெல்ட்டிலோ நிரந்தரமாக வைக்காதீர்கள். பதனிட்ட தோலின் உப்பும் அமிலமும் பச்சைக் களிம்பு ஏற்றும். அம்மோனியா இன்னும் மோசம். பிரிட்டிஷ் ராணுவம் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்த தோட்டாக்களின் குப்பி தானாக விரிசல் விட்ட காரணம், குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அம்மோனியாதான். மாட்டுக் கொட்டகையை ஒட்டிய அறையில் தோட்டாப் பெட்டி வைத்திருந்தால் இடத்தை மாற்றுங்கள்.

வீட்டிலேயே சோதிக்க

துப்பாக்கியையும் மேகசினையும் காலி செய்யுங்கள். தோட்டாக்களை வேறு அறைக்குக் கொண்டுபோங்கள். கண்ணாடி அணிந்து, அடித்தட்டை நழுவ விடும்போது கட்டை விரலால் அமுக்கிப் பிடியுங்கள். ஸ்பிரிங் துள்ளி முகத்தில் அடிக்கும். வெளியே எடுப்பதற்கு முன்பே, எந்த முனை மேலே, எந்தப் பக்கம் முன்னே என்று போனில் படம் பிடித்து வையுங்கள். திருப்பிப் போட்டால் தள்ளுதட்டு சாயும்.

இழுக்காமல் மேசையில் கிடத்தி நீளத்தை அளந்து எழுதி வையுங்கள். நீளத்தைவிடத் தள்ளும் பலமே முக்கியம். அதற்குச் சமையலறை டிஜிட்டல் தராசு போதும். மேகசினை மறுபடி பூட்டித் தராசில் நிறுத்திப் பூஜ்யமாக்குங்கள். ஒரு மரக்குச்சியில் முனையிலிருந்து மூன்று சென்டிமீட்டரில் கோடு போட்டு, அந்தக் கோடு வாய் ஓரத்துக்கு வரும்வரை தள்ளுதட்டை நேராக அமுக்கி, தராசு காட்டும் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று தடவை செய்து நடு எண்ணை எடுங்கள். அதே மாடலில் புதிய மேகசின் இருந்தால் ஒப்பிடுங்கள். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தால் ஸ்பிரிங்கை மாற்றிவிடுவது நல்லது. கடைசி ஒன்றிரண்டு தோட்டா மட்டும் மூக்கு குத்துவதும், கடைசித் தோட்டா போனபின் பின்னால் நிற்க வேண்டிய ஸ்லைடு (பிஸ்டலின் நகரும் மேல்பாகம்) நிற்காமல் மூடுவதும் அதே நோயின் அறிகுறி.

தளர்ந்த ஸ்பிரிங்கைக் கையால் இழுத்து நீட்டுவது இங்கே சகஜம். வேண்டாம். மீள் எல்லையைத் தாண்டி இழுக்கப்பட்ட கம்பி சில நாளில் மறுபடி சுருங்கும், அதுவும் சீரில்லாமல். மேகசினுக்குள் எண்ணெய் ஊற்றுவதும் வேண்டாம். எண்ணெய் தூசியைச் சேர்க்கும். தோட்டாவின் அடியில் உள்ள பிரைமருக்குள் கசிந்தால் வெடிக்காமலே போகும். எண்ணெய்த் துணியால் ஸ்பிரிங்கைத் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்தால் போதும்.

காவல் பணியில் இருப்பவருக்கு: ஒன்று குறைத்து நிரப்புங்கள், தேவையில்லாமல் குழலறைக்குள் ஏற்றி இறக்காதீர்கள், மாதம் ஒருமுறை வெளியே எடுத்துப் பாருங்கள். பூட்டிய வீட்டுக்கு: காலியாகவே வையுங்கள். காரணம் ஸ்பிரிங் அல்ல. ஆளில்லாத வீட்டில் நிரம்பிய துப்பாக்கி யார் கைக்குப் போகும் என்று தெரியாது. ஈரத்தில் தோட்டாவும் கெடும். தோட்டாக்கள் காற்றுப் புகாத டப்பாவில், நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லுடன், வேறு பூட்டில் இருக்கட்டும்.

தேர்தல் நேரத்தில் காவல் நிலையத்திலோ ஆயுதக் கடையிலோ ஒப்படைக்கும்போதும் மேகசின் காலியாகவே போகட்டும். உலர்ந்த துணியில் தனியே சுற்றிக் கொடுங்கள். திரும்ப வாங்கிய அன்றே வாய் ஓரங்களையும் ஸ்பிரிங்கில் புள்ளித் துருவையும் பார்த்துவிட்டு, தராசு எண்ணைப் பழைய சீட்டோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.