பழைய 335ஐ கூபேயா, ஜி37 கூபேயா: எதை வாங்கலாம்?

அமெரிக்காவில் பழைய சொகுசு கூபே (இரண்டு கதவு கார்) தேடத் தொடங்கினால், கொஞ்ச நேரத்திலேயே இந்த இரண்டு வண்டிகளில்தான் வந்து நிற்பீர்கள். ஒன்று, 2007 முதல் 2013 மாடல் வரை விற்ற பிஎம்டபிள்யூ 335ஐ கூபே. மற்றது, 2008 முதல் 2013 வரை விற்ற இன்ஃபினிட்டி ஜி37 கூபே. புதிதில் பிஎம்டபிள்யூவுக்கு 5,000 டாலருக்கு மேல் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருந்தது. இப்போது அந்த இடைவெளி கரைந்துவிட்டது. ஓடிய மைலும் வண்டியின் நிலையும் ஒத்திருந்தால் கேட்கிற விலையும் ஏறக்குறைய ஒத்துவருகிறது.

வாங்கிய பிறகு ஆகிற செலவு மட்டும் ஒத்துவராது. 335ஐ அடிக்கடி கேட்கும். ஜி37 பல காலம் எதுவுமே கேட்காது. கேட்டால் ஒரே தடவையாகப் பெரிதாகக் கேட்கும். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இருக்கிற ஒரே காராக வாங்குகிறவர் ஜி37 எடுப்பது நல்லது. வீட்டில் வேறொரு கார் இருந்து, ரிப்பேருக்கென்று தனியாகப் பணம் ஒதுக்க முடிந்தவர் 335ஐ எடுக்கலாம், அதுவும் 2011 அல்லது அதற்குப் பிந்தைய மாடலை. ஏன் என்பதைத்தான் இனி விரிவாகச் சொல்கிறேன்.

ஓட்டும்போது

335ஐ-யில் இருப்பது 3 லிட்டர் எஞ்சின், ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில். 2010 வரை வந்தது என்54 என்ற எஞ்சின்; அதில் இரண்டு டர்போ (எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி). 2011-லிருந்து என்55, அதில் ஒரே டர்போ. இரண்டுக்கும் கம்பெனி சொன்ன கணக்கு ஒன்றுதான்: 300 எச்பி, 300 பவுண்டு-அடி டார்க் (முறுக்கு விசை). என்54-இல் அந்த முழு டார்க்கும் 1,400 ஆர்பிஎம்மிலேயே (நிமிடத்துக்கு 1,400 சுற்று) கிடைத்துவிடும். 2007, 2008 இரண்டு வருடமும் சர்வதேச அளவில் ஆண்டின் சிறந்த எஞ்சின் விருதை அது வாங்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஜி37-இல் 3.7 லிட்டர் வி6, டர்போ கிடையாது. 330 எச்பி; ஆனால் அது 7,000 ஆர்பிஎம்மில்தான் வரும். டார்க் 270, அதுவும் 5,200-இல். கணக்கில் ஜி37-க்கு 30 எச்பி கூடுதல். ரோட்டில் கதை வேறு. ஃப்ரீவேயில் ஏறும்போது பக்கத்தில் ஒரு டிரக் வருகிறது என்று வையுங்கள். 335ஐ-யில் பெடலைப் பாதி அழுத்தினால் போதும், சத்தமே இல்லாமல் முன்னால் போய்விடுவீர்கள். ஜி37-இல் கியர் இறங்கி, எஞ்சின் 5,000-ஐத் தாண்ட வேண்டும். தாண்டிவிட்டால் 7,500 வரை அது இழுக்கிற இழுப்பு தனி சுகம். ஆனால் அந்த உயரத்தில் எஞ்சின் கொஞ்சம் கரகரக்கும், ஸ்டியரிங்கில் லேசான அதிர்வு தெரியும். பிஎம்டபிள்யூவின் வரிசை ஆறு சிலிண்டரில் இருக்கும் வழவழப்பு இதில் இல்லை. இதை ஜி37 பிரியர்களும் ஒத்துக்கொள்வார்கள்.

இரண்டிலும் ஸ்டியரிங் ஹைட்ராலிக். இதற்குப் பிறகு வந்த தலைமுறைகளில் அது எலக்ட்ரிக்காக மாறி, ரோட்டின் நிலவரம் கைக்குத் தெரிவது குறைந்துபோனது. இந்த வயதுள்ள கூபேக்களை இன்றும் நான் சிபாரிசு செய்வதற்கு இது பெரிய காரணம். வளைவுகளில் 335ஐ ஒரு படி துல்லியம். ஜி37 கொஞ்சம் கனமாகத் தெரியும், ஆனாலும் நம்பிக்கை தரும்.

கியரைப் பொறுத்தவரை, 2008 ஜி37 ஆட்டோமேட்டிக்கில் ஐந்து கியர்தான். 2009-லிருந்து ஏழு. எஞ்சினின் பலமெல்லாம் மேலே இருக்கும் வண்டிக்கு இந்த இரண்டு கியர் பெரிய வித்தியாசம். ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் 2008-ஐ விட்டுவிடுங்கள். 335ஐ-யில் ஆட்டோமேட்டிக்கும் மேனுவலும் ஆறு கியர். பனி விழும் ஊர்க்காரர்களுக்கு இரண்டு கம்பெனியிலும் நான்கு சக்கர டிரைவ் கிடைக்கும். ஆனால் அந்த ஊர்களில் ரோட்டில் உப்புப் போடுவார்கள் என்பதால், வண்டியைத் தூக்கி அடியில் துரு பார்க்காமல் எதையும் வாங்க வேண்டாம்.

உள்ளே

335ஐ-யில் உட்கார்ந்து கதவைச் சாத்தியதும், பின்னாலிருந்து ஒரு சின்ன கை நீண்டு வந்து சீட் பெல்ட்டைத் தோளுக்குப் பக்கத்தில் நீட்டும். கூபேயின் கதவு நீளம், பெல்ட் எட்டாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. வாங்கப் போகும்போது இரண்டு பக்கமும் அது சத்தமில்லாமல் வந்து போகிறதா என்று பாருங்கள். ஜி37-இன் உள்புறம் இன்னும் கொஞ்சம் பகட்டாக இருக்கும், பட்டன்களும் பழகச் சுலபம். பின் சீட் இரண்டிலுமே பெரியவர்களுக்கு ஆகாது. ஜி37-இல் தலை இடிக்கும்.

டிக்கியில்தான் பெரிய வித்தியாசம். ஜி37-இல் 7.4 கன அடி. 335ஐ-யில் 11-ஐ ஒட்டி. ஊரிலிருந்து அப்பா அம்மா வருகிறார்கள், ஏர்போர்ட்டில் நான்கு பெரிய பெட்டி என்றால் இரண்டு காருமே உதவாது. ஆனால் வாரச் சாமான், ஒரு மடக்கு ஸ்ட்ரோலர் என்ற அளவுக்கு 335ஐ தாங்கும். ஜி37-இல் அதற்கே யோசித்து அடுக்க வேண்டும்.

ரிப்பேர்

முதலில் என்54. இந்த எஞ்சினின் பெயர் கெட்டதற்கு முக்கியக் காரணம் அதன் ஹை-பிரஷர் ஃப்யூல் பம்ப். ஸ்டார்ட் ஆக நேரமெடுக்கும், அப்புறம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பலம் பாதியாகக் குறையும். 2010 அக்டோபரில் பிஎம்டபிள்யூ சுமார் 1,30,000 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. பம்புக்கான வாரண்டியை 10 வருடம் அல்லது 1,20,000 மைல் என்று நீட்டியது. டர்போவின் வேஸ்ட்கேட் (அழுத்தம் மிஞ்சாமல் காக்கும் வால்வு) லொடலொடப்புக்கும் 8 வருடம் அல்லது 82,000 மைல் என்று நீட்டினார்கள். அந்தக் கெடுவெல்லாம் எப்போதோ முடிந்துவிட்டது. இனி எது போனாலும் உங்கள் காசு.

எரிபொருளைப் பீச்சும் இஞ்செக்டர்களும் அப்படித்தான். பல தடவை திருத்தி வெளியிட்டார்கள். கடைசித் திருத்தம் இன்டெக்ஸ் 12. பழையவை இருந்தால் ஆறையும் மாற்றுகிற செலவை விலையில் கழித்துத்தான் பேச வேண்டும். எண் இஞ்செக்டரின் மேலேயே பொறித்திருக்கும்.

என்54, என்55 இரண்டுக்கும் பொதுவான தொல்லைகள் சில. தண்ணீர் பம்ப் எலக்ட்ரிக்; பெரும்பாலும் ஒழுகி முன்னறிவிப்புத் தராமல், ஒருநாள் திடீரென்று நின்று எஞ்சின் சூடேறும். அன்றைக்கு வண்டியை டோ செய்துதான் கொண்டுபோக வேண்டும். 80,000 மைல் தாண்டிய வண்டியில் பம்பையும் தெர்மோஸ்டாட்டையும் மாற்றிய ரசீது இல்லையென்றால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். எரிபொருள் நேராக சிலிண்டருக்குள் பீச்சப்படுவதால் இன்டேக் வால்வுகளில் கரி படியும்; வால்நட் ஓட்டுத்தூளை அடித்து அதைச் சுத்தம் செய்வார்கள். ஜி37-இன் எஞ்சினில் எரிபொருள் வால்வுக்கு முன்னாலேயே வருவதால் இந்த வேலையே கிடையாது.

இன்னொன்று சின்ன விஷயம் மாதிரி இருக்கும், ஆனால் அதிகம் அஞ்ச வேண்டியது: ஆயில் ஃபில்டர் ஹவுசிங் கேஸ்கெட், அதாவது ஃபில்டர் கூட்டின் இணைப்பில் கசிவைத் தடுக்கும் அடைப்பு. டார்ச் அடித்து எஞ்சினின் முன்பக்கம், ஃபில்டர் மூடிக்குக் கீழே பாருங்கள். கருப்பாக, ஈரமாக, தூசி அப்பியிருந்தால் அது கசிகிறது. கேஸ்கெட் சில டாலர்தான். ஆனால் கசியும் ஆயில் பெல்ட்டின் மேல் சொட்டி, பெல்ட் நழுவி நார்நாராகக் கிழிந்து, அந்த நார் கிராங்க் சீல் (எஞ்சினின் சுழலும் தண்டைச் சுற்றிய அடைப்பு) வழியாக எஞ்சினுக்குள்ளேயே இழுபட்டுப் போவதுண்டு. அப்புறம் எஞ்சினைப் பிரித்துச் சுத்தம் செய்ய வேண்டியதுதான். இதைத் தெரிந்துவைத்திருக்கிற மெக்கானிக் உங்களுக்கு ஆயிரக்கணக்கில் மிச்சம் பிடித்துத் தருவார்.

335ஐ-யில் ஆயில் பார்க்கிற குச்சியும் கிடையாது, அளவைத் திரையில்தான் பார்க்க வேண்டும். ஸ்டெப்னியும் கிடையாது; பஞ்சரானாலும் ஓடும் ரன்-ஃபிளாட் டயர்தான். அந்த டயரின் விறைப்பு பள்ளம் மேட்டில் முதுகுக்குத் தெரியும். பலர் சாதாரண டயருக்கு மாறிவிடுகிறார்கள். வண்டி உடனே மென்மையாகிவிடுகிறது. ஆனால் அப்படி மாற்றிய வண்டியில் பஞ்சர் கிட் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும்.

என்55 மேலே சொன்ன ஃப்யூல் பம்ப், வேஸ்ட்கேட் தொல்லைகளில் பெரும்பகுதியிலிருந்து தப்பித்தது. 335ஐ வாங்குவதென்றால் 2011-க்கு முந்தியதை நான் சொல்லாததற்கு இதுதான் காரணம். 2011-லிருந்து வந்த 335ஐஎஸ் மட்டும் விதிவிலக்கு; பெயரில் ஒரு எழுத்து கூடினாலும் அதில் இருப்பது 320 எச்பி தரும் பழைய என்54-தான்.

ஜி37-க்கு வருவோம். தினசரி ஓட்டத்தில் இது தொந்தரவு தராத வண்டி. ஆயில், பிரேக், டயர், கூலன்ட் என்று ஒழுங்காகப் பார்த்தால் வருடக்கணக்கில் ஓடும். இதே எஞ்சின் நிஸான் 370இசட்டிலும் இருப்பதால் உதிரிபாகத்துக்கும் தெரிந்த மெக்கானிக்குக்கும் பஞ்சமில்லை.

ஆனால் ஒரே ஒரு பெரிய பயம் உண்டு: கேலரி கேஸ்கெட். எஞ்சினின் முன்மூடிக்குப் பின்னால், ஆயில் போகிற பாதையை அடைத்துக்கொண்டு இருக்கும் சின்னஞ்சிறு காகித கேஸ்கெட். வருடம் ஆக ஆக அது பிய்ந்து, ஆயில் அழுத்தம் இறங்கும். பிறகு நிஸானே அதை உலோகத்தில் கொடுக்கத் தொடங்கியது. சாமான் விலை சொற்பம்; முன்பக்கம் முழுவதையும் கழற்றி மாட்ட வேண்டியிருப்பதால் கூலிதான் தலையைச் சுற்ற வைக்கும். கவனிக்காமல் ஓட்டினால் எஞ்சினே போகும். டேஷ்போர்டில் ஆயில் அழுத்த மீட்டர் இல்லாததால் ஓட்டுகிறவருக்கு எதுவும் தெரியாது. அதனால் வாங்கும் முன், எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, ஐடிலில் (பெடலை அழுத்தாமல் எஞ்சின் சும்மா ஓடும்போது) தனி மீட்டர் மாட்டி அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். இந்த ஒரு சோதனைக்கு மெக்கானிக் கேட்கிற பணத்தைத் தயங்காமல் கொடுங்கள்.

மேனுவல் ஜி37 என்றால் கிளட்ச் பெடலைப் பலமுறை மிதித்துப் பாருங்கள். கிளட்சை இயக்கும் ஸ்லேவ் சிலிண்டர் கியர்பாக்சுக்குள்ளேயே இருக்கிறது. அது கசிந்தால் பெடல் தரையோடு படுத்துவிடும், கியர்பாக்சை இறக்கித்தான் மாற்ற வேண்டும். ஆரம்ப வருட வண்டிகளில் எலக்ட்ரானிக் ஸ்டியரிங் லாக் கெட்டு, வண்டி ஸ்டார்ட்டே ஆகாமல் போவதும் தெரிந்த விஷயம்.

பார்க்கப் போகும்போது

விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: நான் வரும்போது எஞ்சின் சில்லென்று இருக்க வேண்டும். போனதும் பானட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் அன்றைக்குத் திரும்பிவிடலாம். என்54-இன் நீண்ட ஸ்டார்ட் தொல்லையும், ஜி37-இன் டைமிங் செயின் சத்தமும் குளிர்ந்த எஞ்சினில்தான் மாட்டும். அரை மணி நேரம் ஓட்டி வைத்திருந்தால் இரண்டும் ஒளிந்துகொள்ளும். வேஸ்ட்கேட்டை மட்டும் வண்டி சூடான பிறகு, ஆக்சிலரேட்டரை விடும்போது காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

335ஐ-யில் இன்னொரு கேள்வி கட்டாயம்: ட்யூன் செய்திருக்கிறார்களா? என்54, என்55 இரண்டையும் ஒரு சின்னப் பெட்டியை மாட்டிப் பலம் கூட்டிவிட முடியும். விற்கும்போது பெட்டியைக் கழற்றிவிடுவார்கள். டர்போ பட்ட பாடு மட்டும் வண்டியோடு உங்களிடம் வரும். இன்டேக், எக்ஸாஸ்ட் எல்லாம் வெளிச்சந்தைச் சாமானாக இருந்து, "ட்யூனெல்லாம் இல்லை" என்று சொன்னால் நான் நம்ப மாட்டேன். ஜி37-இல் டர்போ இல்லாததால் இந்த ஆபத்து குறைவு.

வண்டியின் விஐஎன் என்ற அடையாள எண்ணை, அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்எச்டிஎஸ்ஏ-வின் இணையதளத்தில் போட்டு, செய்யாமல் விட்ட ரீகால் இருக்கிறதா என்று பாருங்கள். இந்தக் கால 3 சீரிஸ் வண்டிகள் பலவும் டகாட்டா கம்பெனி செய்த ஏர்பேக்குகளுக்கான ரீகாலில் வருகின்றன. மாற்றித் தருவது இலவசம். மாற்றாத வண்டியில் குடும்பத்தை ஏற்ற வேண்டாம்.

எனக்கே வாங்குவதென்றால் 2011-க்குப் பிந்திய ஜி37, மேனுவல், கேலரி கேஸ்கெட் மாற்றிய ரசீதோடு. அப்படி ஒன்று கிடைத்தால் பக்கத்து ஊர் 335ஐ சில ஆயிரம் மலிவாக இருந்தாலும் திரும்பிப் பார்க்க மாட்டேன். அதே நேரம், ஒரே கையில் இருந்து, தண்ணீர் பம்பும் கேஸ்கெட்டுகளும் மாற்றி, ஆயிலை 15,000 மைல் வரை இழுக்காமல் 6,000, 7,000-க்கு ஒருமுறை மாற்றிய 2012 என்55 வண்டி வந்தால், இரண்டாவது கார் வைத்திருக்கிற நண்பருக்கு அதைத்தான் முதலில் சொல்வேன். எதை எடுத்தாலும் முதல் வாரத்திலேயே எஞ்சின் ஆயில், பிரேக் ஆயில், கூலன்ட் மூன்றையும் மாற்றி, பெல்ட்டையும் புதிதாகப் போட்டுவிடுங்கள். அந்தத் தேதியையும் மைலையும் எழுதிவைத்தால் அடுத்த சர்வீஸ் கணக்கு அங்கிருந்து தொடங்கும்.