சேலம் வெயிலில் 0டபிள்யூ-20: மெல்லிய ஆயிலோடு சில ஆண்டுகள்

எங்கள் ஊரில் 0டபிள்யூ-20 இன்ஜின் ஆயில் டப்பாவை நீட்டினால், மெக்கானிக் ஒரு துளியை விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டு, தண்ணீராக ஓடுகிறதே, நம் வெயிலுக்கு இது தாங்குமா என்றுதான் கேட்பார். நியாயமான கேள்வி. என்னுடையது ஜப்பானிய நிறுவனம் வடிவமைத்த நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார். அதன் கையேடு இந்தத் தரத்தைத்தான் கேட்கிறது. நகர நெரிசல், ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகள், சித்திரை வெயிலில் சென்னை நெடுஞ்சாலை என எல்லாவற்றிலும் ஓட்டிப் பார்த்த பிறகு உறுதியாகச் சொல்கிறேன்: தாங்குகிறது. ஏன் தாங்குகிறது என்பதற்கான விடை, அந்த ஆயிலுக்கு அடியாக இருக்கும் எண்ணெயை எப்படி உருவாக்கினார்கள் என்பதில் இருக்கிறது. அதைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன்.

முதலில் வெயில். இன்ஜின் சூடேறிய பிறகு ஆயிலின் வெப்பத்தை வெளிக்காற்று பெரிதாகத் தீர்மானிப்பதில்லை. தெர்மோஸ்டாட் குளிர்நீரை 90 டிகிரியை ஒட்டி வைத்திருக்கிறது. ஆயில் அதன் அக்கம்பக்கத்தில் நிற்கும். பெயரின் கடைசியில் வரும் 20 என்ற எண்ணையும் 100 டிகிரியில்தான் அளக்கிறார்கள்: பாகுத்தன்மை, அதாவது ஆயிலின் தடிப்பு, சென்டிஸ்டோக் என்ற அலகில் 6.9-க்குக் குறையக்கூடாது, 9.3-ஐ எட்டக்கூடாது. பேரிங்கில் ஆயில் படலம் நசுங்கும் நிலையை 150 டிகிரியில் சோதிக்கும் இன்னொரு அளவும் உண்டு. ஆயிலைத் தடிப்பின்படி வகைப்படுத்தும் எஸ்.ஏ.இ. ஜே300 தரம் அதில் 20-க்குக் குறைந்தது 2.6 மில்லிபாஸ்கல்-வினாடி கேட்கிறது. 5டபிள்யூ-40 என்றால் 3.5. மைலேஜ் கூடுவது இந்த இடைவெளியால்தான். பாதுகாப்பு விளிம்பு குறுகுவதும் இதனால்தான். ஆகவே பேரிங், ஆயில் பம்ப், கேம் மேற்பரப்பு எல்லாம் மெல்லிய ஆயிலை எண்ணி வடிவமைக்கப்பட்ட இன்ஜினுக்கு மட்டுமே இது பொருந்தும்.

0டபிள்யூ என்பது குளிரில் ஆயில் எவ்வளவு தடிக்கிறது என்று பார்க்கும் மைனஸ் 35 டிகிரிச் சோதனை, சேலத்துக்கு எதற்கு என்று கேட்பார்கள். சாதாரண 20டபிள்யூ-40 ஆயில் 40 டிகிரியில் பெரும்பாலும் 100 சென்டிஸ்டோக்குக்கு மேல் இருக்கும். 0டபிள்யூ-20 அதில் பாதிகூட இராது. நம் மார்கழிக் காலையில் இந்த வேறுபாடு இன்னும் விரிகிறது. ஸ்டார்ட் செய்த கணத்தில் கேம் ஷாஃப்ட் வரை எது முதலில் போய்ச் சேரும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மெல்லிய ஆயிலைச் செய்வது எளிது. அதை ஆவியாகாமல் வைத்திருப்பதுதான் அரிது. பாகுத்தன்மை குறைய வேண்டுமென்றால் மூலக்கூறு சிறியதாக இருக்க வேண்டும். சிறிய மூலக்கூறோ எளிதில் பறந்துவிடும். கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடித்தால் பல அளவுள்ள மூலக்கூறுகள் கலந்தே வரும். பிஸ்டன் வளையங்களின் சூட்டில் அவற்றுள் இலேசானவை முதலில் வெளியேற, ஆயில் மட்டம் இறங்குகிறது, மிச்சம் தடிக்கிறது. நோவாக் என்ற சோதனை இதைத்தான் அளக்கிறது: 250 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, எடையில் எத்தனை விழுக்காடு போயிற்று என்று பார்ப்பார்கள். ஆயில் தரத்தை வகுக்கும் ஐ.எல்.எஸ்.ஏ.சி. குழு அனுமதிக்கும் உச்சம் 15.

பாலி ஆல்ஃபா ஒலிஃபின், சுருக்கமாக பி.ஏ.ஓ., என்ற செயற்கை அடிப்படை எண்ணெய் இந்தச் சிக்கலை வேறு பக்கத்திலிருந்து அணுகுகிறது. எத்திலீன் வாயுவிலிருந்து பத்து கார்பன் கொண்ட டெசீனைச் செய்து, அதில் மூன்று நான்கை ஒன்றோடொன்று கோத்து, ஹைட்ரஜன் ஏற்றி நிலைப்படுத்துகிறார்கள். 30, 40 கார்பன் என்று அளவெடுத்தாற்போன்ற மூலக்கூறுகள் கிடைக்கின்றன. மெழுகு கிடையாது, கந்தகம் கிடையாது. இதில் என்னை மிகவும் ஈர்த்தது கிளைகளைப் பற்றிய முடிவுதான். நீண்ட நேர்ச் சங்கிலிக்குச் சூட்டிலும் குளிரிலும் பாகுத்தன்மை அதிகம் மாறாது. ஆனால் குளிரில் மெழுகாக உறைந்துவிடும். கிளைகள் அதிகமானால் உறையாது. ஆனால் சூட்டில் சட்டென்று நீர்த்துவிடும். எங்கே கிளைக்க வேண்டும், கிளை எவ்வளவு நீள வேண்டும் என்று தேர்ந்தெடுப்பதுதான் வேதியியலாளரின் கைவண்ணம். போரான் ட்ரைஃபுளூரைடு வினையூக்கியைப் பயன்படுத்தும் பழைய முறையில் தேவையற்ற குட்டைக் கிளைகளும் முளைக்கும். பிறகு வந்த மெட்டலோசீன் வினையூக்கிகள் சீப்பின் பற்களைப் போல ஒழுங்கான அமைப்பைத் தருகின்றன. சூட்டிலும் குளிரிலும் பாகுத்தன்மை எவ்வளவு மாறாமல் நிற்கிறது என்று சொல்லும் பாகுத்தன்மைக் குறியெண் உயர்கிறது. குறியெண் உயர்ந்தால், சூட்டில் ஆயிலைத் தடிப்பாகக் காட்டச் சேர்க்கும் பாலிமர் குறைவாகப் போதும். ஓட ஓட நறுங்கித் தரத்தைக் கெடுப்பது அந்தப் பாலிமர்தான் என்பதால் இது பெரிய ஆதாயம்.

பி.ஏ.ஓ. மட்டும் போதுமா என்றால் போதாது. சேர்மானங்கள் அதில் நன்றாகக் கரைவதில்லை, ரப்பர் சீல்களும் சுருங்கும். அதனால் எஸ்டர் என்ற இன்னொரு வகை செயற்கை எண்ணெயைச் சேர்க்கிறார்கள். அது சேர்மானங்களைக் கரைக்கும், சீலைச் சற்று உப்பவும் வைக்கும். எஸ்டர் மிகுந்தால் உலோகப் பரப்பில் ஒட்டுவதற்குத் தேய்மானத் தடுப்புச் சேர்மானத்தோடு போட்டி போடும். அளவு முக்கியம்.

இனி என் அனுபவம். மைலேஜைப் பற்றி ஆரவாரமாகச் சொல்ல ஒன்றுமில்லை. இத்தகைய ஆயில் தரும் ஆதாயம் ஓரிரு விழுக்காடு. டயரில் காற்று இறங்கினாலே அது மறைந்துவிடும். சாலையில் என்னால் அதைப் பிரித்து அறிய முடியவில்லை. தனி ஒருவரின் பெட்ரோல் செலவில் தெரியாத இந்தச் சிறு விகிதம் லட்சக்கணக்கான கார்களில் பெரிய தொகையாகிறது. 2022-23 முதல் இந்தியாவில் கார் நிறுவனங்களுக்குச் சராசரி கார்பன் உமிழ்வு வரம்பு கிலோமீட்டருக்கு 113 கிராம் என்று இறுகியது. உற்பத்தியாளர்கள் ஆயிலில்கூட மிச்சம் தேடுவதற்கு அது ஒரு காரணம்.

எனக்கு உண்மையான நிறைவு வேறு இடத்தில் கிடைத்தது. ஒரு மாற்றுக்கும் அடுத்த மாற்றுக்கும் இடையில் டிப்ஸ்டிக்கில் மட்டம் இறங்குவது கண்ணுக்குத் தெரிவதில்லை. இடையில் ஊற்ற வேண்டி வந்ததே இல்லை. நிறம் விரைவில் கறுக்கிறது. அழுக்கைத் தன்னுள் ஏந்திக்கொள்கிறது என்றுதான் அதற்குப் பொருள். பழைய ஆயிலை ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்த்தபோது, 100 டிகிரிப் பாகுத்தன்மை 20-இன் எல்லைக்குள்ளேயே இருந்தது. வீட்டிலிருந்து கடைத்தெரு, கடைத்தெருவிலிருந்து வீடு என்று குறுகிய ஓட்டம் மிகுந்த பருவத்தில் மட்டும் பெட்ரோல் கலப்பு சற்றுக் கூடுதலாகத் தெரிந்தது. இன்ஜின் முழுச் சூட்டை எட்டாவிட்டால் எந்த ஆயிலுக்கும் இந்தத் தொல்லை உண்டு. மெல்லிய ஆயிலில் இழக்க இடம் குறைவு என்பதால், கிலோமீட்டர் நிறையாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுகிறேன்.

குறை ஒன்று உண்டு. உராய்வைக் குறைக்கச் சேர்க்கும் மாலிப்டினச் சேர்மம் நாள்பட நாள்படச் செலவாகிவிடுகிறது. முதல் வாரங்களின் மென்மை கடைசி மாதங்களில் இருப்பதில்லை.

ஒருமுறை ஒரு சர்வீஸ் சென்டரில் கையிருப்பு இல்லையென்று, என்னைக் கேட்காமலே பீப்பாயிலிருந்து தடித்த ஆயிலை நிரப்பிவிட்டார்கள். பில்லைப் பார்த்துத்தான் தெரிந்தது. காலையில் டைமிங் செயின் பக்கத்துச் சலசலப்பு அடங்க முன்னைவிட நேரம் பிடித்தது. என் காருக்கு எது போக வேண்டும் என்று கையேட்டில் அச்சிட்டிருக்கும்போது, இப்படி மாற்றி ஊற்றுவது எனக்குக் கோபத்தையே தந்தது. அன்றிலிருந்து சீல் உடைக்காத டப்பாவை என் கண்முன்னே திறக்கச் சொல்கிறேன்.

வாங்கும்போது ‘செயற்கை’ என்ற சொல்லை மட்டும் நம்ப வேண்டாம். கச்சா எண்ணெயின் பின்னத்தை ஹைட்ரஜனால் கடுமையாகச் சுத்திகரித்த, அடிப்படை எண்ணெய் வகைப்பாட்டில் மூன்றாம் குழு எனப்படும் எண்ணெயையும் அப்படி விற்கலாம் என்று 1999-இல் அமெரிக்க விளம்பரத் தற்கட்டுப்பாட்டு அமைப்பு ஏற்றுக்கொண்டது. அது ஏமாற்று அல்ல. நல்ல மூன்றாம் குழு எண்ணெய்கள் உண்டு. கத்தாரின் ராஸ் லஃபானில் ஷெல் நடத்தும் பெர்ல் ஆலை இயற்கை எரிவாயுவிலிருந்து செய்யும் அடிப்படை எண்ணெயும் அந்தக் குழுவில்தான் வருகிறது. ஆகவே நிறுவனம் வெளியிடும் தரவுத் தாளைத் தேடி, நோவாக் ஆவியாதல், பாகுத்தன்மைக் குறியெண் இரண்டையும் பாருங்கள். பாதுகாப்புத் தாளில் டெசீன் பெயர் இருந்தால் பி.ஏ.ஓ. கலந்திருக்கிறது என்று அறியலாம். நோவாக் எண்ணை வெளியிடாத டப்பாவுக்கு நான் கூடுதல் விலை கொடுப்பதில்லை.

கடைசியாக, மீந்துபோன ஆயிலைப் பைக்கில் ஊற்றுபவர்களுக்கு. பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் தட்டுகள் இன்ஜின் ஆயிலிலேயே ஊறிக் கிடக்கின்றன. காருக்கென்று சேர்த்த உராய்வுக் குறைப்பான் அந்தக் கிளட்சை வழுக்க வைக்கும். பைக்குக்கு ஜாசோ எம்.ஏ. என்ற ஜப்பானியத் தர முத்திரையுள்ள ஆயிலையே வாங்குங்கள்.