வறட்சியில் வீரிய ஒட்டு மக்காச்சோளத்தின் மகசூலைப் பெற்றோரிலிருந்து கணித்தல்: நான்கு முறைகளின் ஒப்பீடு

ஓர் இனவிருத்தித் திட்டத்தின் கையில் 100 உட்கலப்பு வழிகள் (பல தலைமுறைகள் தன் மகரந்தத்தாலேயே பெருக்கிச் சீராக்கிய பெற்றோர் வகைகள்) இருந்தால், அவற்றை இரண்டிரண்டாக இணைத்து 4,950 வீரிய ஒட்டுகளை உருவாக்கலாம். வழிகள் 1,000 ஆனால் அந்த எண்ணிக்கை 4,99,500 ஆகிவிடும். அத்தனையையும் விதைத்துப் பார்ப்பது எந்த நிறுவனத்துக்கும் ஆகாத காரியம். வறட்சியைத் தாங்கும் ஒட்டுகளைத் தேடுவோருக்கோ நெருக்கடி இன்னும் கூடுதல். மழை பெய்யாது என்று நம்பக்கூடிய பருவம், விரும்பிய நாளில் நீரை நிறுத்த வாய்ப்பளிக்கும் பாசனம், ஏற்றத்தாழ்வு குறைந்த மண் ஆகிய மூன்றும் ஒருசேர அமைந்த நிலையங்கள் மிகச் சிலவே. சர்வதேச மக்காச்சோள, கோதுமை மேம்பாட்டு மையமான சிம்மிட் இதற்காகப் பயன்படுத்தி வரும் மெக்சிகோவின் த்லால்திசபானும் கென்யாவின் கிபோகோவும் அத்தகையவை. ஆகவே பெற்றோரைக் கொண்டு பிள்ளையின் மகசூலை முன்கூட்டியே கணிக்க வேண்டியிருக்கிறது. அதற்கு நடைமுறையில் உள்ள நான்கு முறைகளும் ஒன்றுக்கொன்று போட்டியாகவே பேசப்படுகின்றன.

முதல் முறை, பெற்றோரின் சொந்த மகசூலையே அளவுகோலாகக் கொள்வது. செலவு குறைவு, ஒட்டுச் சேர்க்க ஒரு பருவம் காத்திருக்கவும் தேவையில்லை. ஆனால் நீர் தாராளமாகக் கிடைக்கும் நிலத்தில் இது நம்பத்தகாத அளவுகோல். அங்கே ஒட்டின் மகசூலில் பெரும்பங்கு கலப்பின வீரியத்திலிருந்து, அதாவது கலப்பினால் பிள்ளை பெற்றோரை மிஞ்சும் திறனிலிருந்து, வருகிறது. பெற்றோரில் வெளிப்படாத அந்த வீரியத்தைப் பெற்றோரை எடைபோட்டு அறிய முடியாது. வறட்சியில் நிலைமை ஓரளவு மாறுகிறது. 17 வெப்பமண்டல வழிகளையும் அவற்றின் ஒட்டுகளையும் பல சூழல்களில் வளர்த்து, பெட்ரான் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வு, வறட்சி கடுமையாகக் கடுமையாகக் கூட்டு மரபணு விளைவின் பங்கு உயர்வதைக் காட்டியது. தழைச்சத்துக் குறைவில் இதற்கு மாறாக ஓங்கு விளைவே (ஒரு மரபணு வடிவம் தன் இணையை மறைத்து மேலோங்குவது) முந்தி நின்றது. கூட்டு விளைவு மிகும்போது தாயும் தந்தையும் தருவதைக் கூட்டிப் பார்ப்பதே கணிப்பாகிவிடுகிறது. அதனால் பெற்றோரின் சொந்த நடத்தைக்கும் பொருள் கூடுகிறது. இருந்தும் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. உட்கலப்பு வழிகள் இயல்பிலேயே மெலிந்தவை. கடும் வறட்சியில் அவற்றுள் பல கதிரே பிடிப்பதில்லை. மணியே இல்லாத வரிசைகளுக்குள் எது மேல், எது கீழ் என்று தரம் பிரிக்க வழியில்லை. எனவே இந்த அளவுகோல் கழிப்பதற்கு உதவும், தேர்ந்தெடுப்பதற்கு உதவாது.

இரண்டாவது முறை மகசூலை விட்டுவிட்டுப் பூப்பு இடைவெளியைப் பார்க்கிறது. செடியின் உச்சியில் ஆண் பூங்கொத்து மகரந்தம் உதிர்க்கும் நாளுக்கும், கதிரின் நுனியில் பட்டு இழை வெளிவரும் நாளுக்கும் உள்ள இடைவெளி அது. வரிசையில் பாதிச் செடிகள் மகரந்தம் உதிர்த்த தேதியையும், பாதிச் செடிகள் பட்டு விட்ட தேதியையும் நாள் தவறாமல் வயலில் நடந்து குறித்துக்கொண்டால் போதும். நீர் குறைந்தால் மகரந்தம் ஏறக்குறைய உரிய நாளிலேயே உதிர்ந்துவிடும். பட்டு மட்டும் பிந்தும். இலைகள் தயாரிக்கும் சர்க்கரை குறையும்போது செடி கதிரைத்தான் முதலில் பட்டினி போடுகிறது. நீரின்றி வாடிய செடிகளின் தண்டுக்குள் சர்க்கரை சேர்ந்த ஊட்டக் கரைசலைச் செலுத்தி, மணிகள் கருவிலேயே கலைவதைப் பெருமளவு தடுத்த 1991ஆம் ஆண்டின் அமெரிக்கச் சோதனை இதற்குத் தெளிவான சான்று. எனவே குறுகிய இடைவெளி என்பது வாட்டத்திலும் கதிருக்கு உணவை அனுப்பும் செடி என்பதன் அடையாளம். த்லால்திசபானில் போலான்யோஸும் எட்மீடஸும் டக்ஸ்பெனோ செகியா என்னும் மக்காச்சோளத் தொகுதியில் வறட்சித் தாங்கலுக்காக எட்டுச் சுற்றுகள் (சிறந்தவற்றைத் தேர்ந்து மீண்டும் கலப்பது ஒரு சுற்று) தேர்வு செய்து, சுற்றுக்கு எக்டேருக்கு ஏறத்தாழ 100 கிலோ மகசூல் உயர்வு பெற்றனர். செடியின் மொத்த எடை பெருகி அந்த உயர்வு வரவில்லை; கதிருக்குச் சென்ற பங்கு கூடியதால்தான் வந்தது. வறட்சி ஏற ஏற மகசூல் அளவீட்டில் மரபின் பங்கு மங்கிவிடும். பூப்பு இடைவெளியிலோ அது அந்த அளவுக்கு மங்குவதில்லை. ஒரு மணிகூடத் தராத உட்கலப்பு வழியிலும் பட்டு வந்த நாளைக் குறிக்க முடிகிறது என்பதால், முதல் முறை கைவிடும் இடத்திலும் இது பயன்படுகிறது.

இதற்கும் எல்லை உண்டு. பல ஆண்டுகள் தேர்வுக்கு உள்ளான வழிகளில் இடைவெளி ஏற்கெனவே குறுகிவிட்டது. வேறுபாடே இல்லாத இடத்தில் அதைக் கொண்டு எதையும் பிரித்தறிய முடியாது. முன்னதாகப் பூக்கும் வழி வறட்சி முற்றுமுன் தப்பித்துக்கொண்டு, தாங்கும் வழியைப் போலத் தோற்றமளிக்கவும் கூடும். பூக்கும் காலம் ஒத்த வழிகளைத் தனித்தனிக் குழுக்களாக விதைக்காத சோதனையின் முடிவுகளை நான் ஏற்பதில்லை.

மூன்றாவது முறை பழையது. ஒவ்வொரு வழியையும் ஒரு பொதுவான டெஸ்டருடன் (எல்லா வழிகளையும் ஒப்பிட உதவும் ஒரே துணைப் பெற்றோர்) ஒட்டுச் சேர்த்து, அந்த ஒட்டுகளை வறட்சியில் சோதித்து, வழியின் பொது இணைதிறனை மதிப்பிடுவது. பொது இணைதிறன் (பல துணைகளுடன் சேரும்போது சராசரியாக வெளிப்படுவது), தனி இணைதிறன் (குறிப்பிட்ட ஒரு துணையுடன் மட்டும் வெளிப்படுவது) என்ற பாகுபாட்டை 1942இல் ஸ்பிரேகும் டேட்டமும் வகுத்தனர். ஆப்பிரிக்காவில் சிம்மிட் வழிகளாலான சிஎம்எல்312/சிஎம்எல்442, சிஎம்எல்395/சிஎம்எல்444 ஆகிய ஒட்டுகள், ஒன்றோடொன்று கலந்தால் வீரியம் மிகும் இரண்டு எதிரெதிர்க் குழுக்களின் டெஸ்டர்களாகப் பயன்பட்டு வந்திருக்கின்றன. இங்கே அளக்கப்படுவது ஒட்டின் மகசூலே என்பதால் கலப்பின வீரியமும் கணக்கில் வந்துவிடுகிறது. ஒட்டுச் சேர்க்க ஒரு பருவம், சோதிக்க ஒரு பருவம் என்று காலம் செலவாவது உண்மை. டெஸ்டரே வறட்சியை நன்கு தாங்குவதாக இருந்தால் அது வழியின் குறையை மறைத்துவிடலாம் என்பதும் உண்மை.

நான்காவது, மரபணுக் குறியீடுகளை (டிஎன்ஏவில் வழிக்கு வழி வேறுபடும் அடையாளப் புள்ளிகளை) கொண்டு கணிப்பது. குறியீடுகள் காட்டும் உறவுநெருக்கத்தை வைத்து, சோதிக்காத ஒட்டின் மகசூலைக் கணிக்கலாம் என்று 1994இல் பெர்னார்டோ காட்டினார். 2001இல் மியூவிசனும் அவருடைய கூட்டாளிகளும் முழு மரபணுத்தொகையையும் பயன்படுத்தும் முறையை முன்வைத்தனர். ஆப்பிரிக்காவில் இரு பெற்றோரின் கலப்பில் பிறந்த எட்டுத் தொகுதிகளில் இம்முறையைக் கையாண்ட பெயேனே குழுவினர், வறட்சியில் சுற்றுக்குச் சராசரியாக எக்டேருக்கு 86 கிலோ உயர்வு கிடைத்ததாக 2015இல் எழுதினர். வயலில் இறங்காமலே சுற்றுகளை விரைவாக முடிக்கலாம் என்பதே இதன் பெரும் பலம். ஆனால் புதிய ஒட்டின் இரு பெற்றோரும் முன்பே சோதிக்கப்பட்ட வேறு ஒட்டுகளில் இடம்பெற்றிருந்தால்தான் கணிப்பு கூர்மையாக இருக்கும். ஒருவர் மட்டும் இடம்பெற்றிருந்தால் குறையும், இருவருமே புதியவர்களானால் மேலும் சரியும். நீர் நிறைந்த வயலின் தரவைக் கொண்டு பயிற்றுவித்த கணிப்பு மாதிரியோ, நல்ல ஆண்டில் அதிகம் விளையும் ஒட்டுகளையே முன்னுக்குத் தள்ளும்.

பணம் ஒன்றுக்கு மட்டுமே போதுமென்றால் நான் மூன்றாவது முறைக்கே கொடுப்பேன். நான்காவது முறை கற்றுக்கொள்வதற்கான தரவு அங்கிருந்துதான் வர வேண்டும். நீரைச் சீராக நிறுத்தத் தெரியாத வயலிலிருந்து வரும் எண்களை எத்தனை ஆயிரம் குறியீடுகளாலும் சரிசெய்ய முடியாது. டெஸ்டருக்கு அனுப்புமுன் வழிகளைச் சலிக்கப் பூப்பு இடைவெளியைக் கட்டாயம் சேர்த்துக்கொள்வேன்; அதற்கு ஆகும் கூடுதல் செலவு சொற்பம்.

பெற்றோரின் சொந்த மகசூலைக் கணிப்புக்கு வேண்டாம் என்று ஒதுக்கினாலும், அளக்காமல் விட முடியாத காரணம் ஒன்று இருக்கிறது. ஒட்டு விதை விளைவது தாய் வழியின் கதிரில்தான். தாய் வழி மோசமாக விளைந்தால், ஒட்டு எவ்வளவு சிறந்ததானாலும் விதையின் உற்பத்திச் செலவு ஏறிவிடும். மானாவாரி நிலத்தில் பயிரிடும் சிறு விவசாயியால் அந்த விலையைக் கொடுக்க முடியாது.